வாயைத் திறக்க விடாத இடத்துக்குக் கால் வருமா?

காளவாசலில் ஒரு படிப்பகம் திறந்தோம். திறப்பு நாளன்று அறுபது பேர் வந்தார்கள். இரண்டாம் வாரம் இருபது. நாலாம் வாரம் ஏழே பேர். அதிலும் மூவர் பெஞ்சு தூக்கிப் போட்ட நம் ஆட்கள்!

உடனே ஒரு தோழர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "ஜனங்களுக்கு உணர்வு இல்லை. ஷிப்டு முடிந்தால் கையில் செல்போன். களை எடுத்துக் கரையேறினால் டி.வி. இவர்களை யார் திருத்துவது?"

இது உண்மையா? இல்லை, இல்லவே இல்லை! நூல் அறுந்தால் மில் மேஸ்திரி என்ன சொல்கிறான்? பஞ்சு மட்டம் என்று சொல்வதில்லை. தொழிலாளி கை மட்டம் என்கிறான். அந்தப் பேச்சை நாமும் பேசலாமா?

நாலு வாரமும் நாம் செய்தது என்ன? நாமே வாசித்தோம், நாமே விளக்கினோம், நாமே கை தட்டினோம். ஒன்றரை மணி நேரம் பேசியவன் நான்தான். நைட் ஷிப்டு முடித்து வந்த தோழர் சுவரில் சாய்ந்து உறங்கினார். சோழவந்தான் பக்கமிருந்து வந்த, நாற்று நடும் அம்மா ஒருவர் கூலி பற்றி ஏதோ கேட்க வாயெடுத்தார். "கடைசியில் கேளுங்கள்" என்றோம். கூட்டத்தின் கடைசி வருமுன் கடைசி பஸ் வந்துவிட்டது. மறுவாரம் அவர் வரவில்லை. அவருக்கா உணர்வு இல்லை?

நம் சங்க வரலாறு சொல்வதென்ன? சென்னை பெரம்பூரில் செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் ஒரு பக்தி சபை நடத்தினார்கள். பக்கிங்காம், கர்நாடிக் மில் தொழிலாளர்கள் சொற்பொழிவு கேட்க வந்தார்கள். கேட்டதோடு போகவில்லை. செட்டியார் கடையில் தங்கள் குறைகளையும் சொன்னார்கள். பகல் சாப்பாட்டுக்கு விடும் அரை மணி போதவில்லை என்பது அதில் ஒன்று. அந்தக் குறைகளுக்குக் காது கொடுத்ததால்தான் 1918 ஏப்ரல் 27-ல், வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது!

கேரளத்தின் கண்ணூர்ப் பீடித் தொழிலாளர்கள் அந்தக் காலத்தில் செய்ததைப் பாருங்கள். ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிப்பார்; மற்றவர்கள் பீடி சுற்றியபடியே கேட்பார்கள். வாசிப்பவரின் கூலி என்னாவது? ஆளுக்குக் கொஞ்சம் பீடி அவர் பங்குக்குச் சேர்ப்பார்கள். தன் உழைப்பைக் கொடுத்தவன் அந்த வாசிப்பை அந்நியமாக நினைப்பானா?

1912-ல் ரஷ்யத் தொழிலாளர் நாளேட்டுக்கு நிதி திரண்டபோது லெனின் எதை எண்ணினார்? அனுதாபிகளின் பெருந்தொகையையா? இல்லை. காசு காசாகச் சேர்த்துத் தந்த தொழிலாளர் குழுக்கள் எத்தனை என்று எண்ணினார். அரையாண்டில் 504 குழுக்கள்! நாமோ நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

செல்போனைப் பழிக்கும் தோழரே! சும்மா பார்த்துவிட்டுப் போகிறவனைவிட, ஒரு வார்த்தை பதில் போட்டவன் திரும்ப வருவான் என்பது அந்தக் கம்பெனிக்காரனுக்குத் தெரியும். லாபத்துக்காக அவன் அறிந்ததை, உழைப்பாளியின் உரிமைக்காக நாம் அறிய வேண்டாமா?

காளவாசல் என்றாலே செங்கல் சூளை. பச்சைக் கல்லை அடுக்கும்போது இடையில் தீ ஓட வழி விடவேண்டும். வழியை அடைத்துவிட்டு, கல் வேகவில்லை என்று மண்ணைக் குறை சொல்வதா?

ஆகவே சுயவிமர்சனத்தோடு வேலையைத் தொடங்குவோம். நம் பேச்சு கால் மணிக்கு மேல் வேண்டாம். தூரத்து பஸ் பிடிக்க வேண்டியவர் முதலில் பேசட்டும். சாவியும் கணக்குப் புத்தகமும் வாசிக்கும் பொறுப்பும் முறை வைத்து எல்லோர் கைக்கும் போகட்டும். இந்த வாரம் எழுந்த குறைக்கு என்ன செய்தோம் என்பதை மறுவாரம் சொல்லியாக வேண்டும். வந்தவர் எத்தனை பேர் என்று மட்டும் எழுதாதீர்கள். பேசியவர் எத்தனை பேர், பொறுப்பெடுத்தவர் எத்தனை பேர் என்று எழுதுங்கள்!

முதல் வேலை, சோழவந்தான் பக்கம் போய் அந்த அம்மாவைத் தேடுவது. அவர் கேட்க வந்த கேள்வி இன்னும் பாக்கியிருக்கிறது, தோழர்களே!