தூளிக்குப் பக்கத்தில் ஒரு நூற்கண்டு

“பிள்ளை பெத்தவ ஊசியைத் தொட்டா கண்ணு போயிடும், வையி கீழே.”

பிரசவமாகிப் பதினெட்டாம் நாள். குரோஷா ஊசியை என் கையிலிருந்து வாங்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்தார் பெரியம்மா. அன்போடுதான் வைத்தார். பேறுகாலத்தில் உடம்பில் நீர் கோப்பதாலும் ஹார்மோன்கள் மாறுவதாலும் சிலருக்குப் பார்வை கொஞ்சம் மங்குவதுண்டு. பெரும்பாலும் அது தானாகவே தெளிந்துவிடும். நூல் பின்னுவதால் யார் கண்ணும் போனதில்லை. ஆனால் அன்று எனக்கு வாதாடத் தெம்பில்லை.

மூன்று மாதம் போனதும் கண்ணைப் பற்றிய பேச்சு மறைந்து, வேறொரு கேள்வி வந்தது. “கைக்குழந்தையை வச்சுக்கிட்டு இதுக்கெல்லாம் உனக்கு நேரம் இருக்கா?” வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். தாயானவளுக்குத் தனக்கென்று ஓர் ஆசை இருக்கக் கூடாது, இருந்தால் அந்த அளவுக்குப் பிள்ளைமேல் பாசம் குறைவு என்ற நம்பிக்கைதான் அந்தக் கேள்விக்குள் இருந்தது. பிள்ளையின் நலனுக்கும் இந்த நம்பிக்கைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று உறுதியாகச் சொல்கிறேன்.

திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்து ஊர்களில் வீட்டுத் திண்ணையைப் பாருங்கள். மடியில் தட்டு, தட்டில் பீடி இலையும் புகையிலைத் தூளும், பக்கத்தில் தூளி. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பது கூலிக் கணக்கு. இலை வெட்டி, தூள் வைத்துச் சுற்றி, நூல் கட்டும் விரல்கள் நாள் முழுக்க நிற்பதில்லை. பறக்கிற தூள் பிள்ளையின் மூச்சிலும்தான் போகிறது. அந்தத் தாயிடம் யாராவது “உனக்கு இதுக்கு நேரம் இருக்கா” என்று கேட்கிறார்களா? கண் போய்விடும் என்று தட்டைப் பிடுங்கி வைக்கிறார்களா? மதுரையில் சுங்குடிச் சேலைக்குத் துணியைக் கிள்ளி நூல் சுற்றி ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போடும் பெண்களையும் யாரும் கேட்டதில்லை. அங்கே கூலி வருகிறது. கூலி வந்தால் அது குடும்பப் பொறுப்பு. அதே கை, அதே நூல், அதே பிள்ளை, ஆனால் தன் சந்தோஷத்துக்காகச் செய்தால் அலட்சியம்! பிள்ளைதான் கவலை என்றால் முதலில் பதற வேண்டியது புகையிலைத் தூளைப் பார்த்து.

கைவேலையும் பிள்ளை வளர்ப்பும் ஒன்றையொன்று கெடுக்கும் என்பதும் தவறு. எந்த வேலைகள் பெண்கள் பக்கம் சேர்ந்தன என்று 1970-இல் ஆராய்ந்த மானுடவியலாளர் ஜூடித் பிரவுன், அவை பாதியில் விட்டுத் தொடரக்கூடியவை, பிள்ளைக்கு ஆபத்தில்லாதவை, வீட்டை விட்டு அதிகம் அகலத் தேவையில்லாதவை என்றார். எலிசபெத் வேலண்ட் பார்பர் 1994-இல் இதையே பிடித்துக்கொண்டு, நூற்பும் நெசவும் பல்லாயிரம் ஆண்டுகள் பெண் கையில் இருந்த வரலாற்றை ஒரு புத்தகமாகவே எழுதினார். என் அனுபவமும் அதுதான். பிள்ளை சிணுங்கினால் ஊசியிலிருக்கும் கண்ணியை ஒரு சாண் நீளத்துக்கு இழுத்து விட்டுவிட்டு எழுந்து போகலாம். திரும்பி வந்து நூலைச் சுண்டினால் விட்ட இடத்திலிருந்தே பின்னல் தொடரும். இரவு முழுக்கப் பால் கொடுத்துக் களைத்த நாளில், நான் செய்தவற்றில் மறுநாளும் செய்தபடியே இருந்தது அந்த நான்கு வரிப் பின்னல் மட்டும்தான். துவைத்த துணி மறுபடி நனைந்துவிடும், கழுவிய பாத்திரம் மறுபடி அழுக்காகிவிடும். பின்னிய வரி அப்படியே இருக்கும். அது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லி முடியாது.

சரி, ஆதரவாகப் பேசுகிறவர்கள் என்ன சொல்கிறார்கள்? “மனசு வச்சா நேரம் கிடைக்கும், நாலு மணிக்கு எழுந்துக்கோ.” இது எனக்கு இன்னும் கோபமூட்டுகிறது. புதிதாய்ப் பிறந்த பிள்ளை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் கேட்கும். அந்தத் தாயின் தூக்கத்திலிருந்து இன்னும் ஒரு மணி நேரத்தை வெட்டச் சொல்வது என்ன நியாயம்? 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லா வீட்டுவேலை செய்கிறவர்களில் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். பிள்ளைகளையும் பெரியவர்களையும் பார்த்துக்கொள்வது இதில் சேராது, அது தனிக் கணக்கு. நேரம் எங்கே போயிற்று என்று தாயைக் கேட்பானேன்? அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் கிடக்கிறது.

என் கணவர் பிள்ளை பிறந்த மூன்றாவது ஞாயிறே கிரிக்கெட் மட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. எனக்கும் அப்போது கேட்கத் தோன்றவில்லை, அந்த நம்பிக்கை என்னையும் அவ்வளவு ஆழமாகப் பிடித்திருந்தது. நான்காம் மாதம்தான் வாய்விட்டுக் கேட்டேன். தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் பிள்ளை உங்களிடம், அழுதாலும் உங்களிடம். முதல் வாரம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டார். பால் கேட்கிறானோ, வயிறு வலிக்கிறதோ என்று பயந்தார். பிறகு தோளில் போட்டு வாசலில் நடக்கக் கற்றுக்கொண்டார். பிள்ளைக்கும் அந்தத் தோள் பழகிவிட்டது. இப்போது சாயங்காலமானால் அவர் செருப்புச் சத்தத்துக்குக் கழுத்தைத் திருப்புகிறான்.

பெரியம்மா போன வாரம் வந்திருந்தார். நான் பின்னிக்கொண்டிருந்ததை எடுத்து விரித்துப் பார்த்தார். ஓரம் இன்னும் கட்டவில்லை, ஒரு கை நீளம்தான் வந்திருக்கிறது. ஊசியைத் திரும்ப என் கையில் கொடுத்துவிட்டு, தான் கல்யாணத்துக்கு முன்பு தலையணை உறையில் பூ வேலை செய்ததாகச் சொன்னார். நாற்பத்தைந்து வருடமாயிற்றாம் ஊசியைத் தொட்டு.