வெண்மை தரும் களிம்புகள்: சான்று எங்கே?

எம்மவரின் மணமகள் தேவை விளம்பரங்களிலிருந்து ‘சிவந்த நிறம்’ என்னும் தகுதி இன்னமும் மறையவில்லை. கடல் கடந்து வந்தபோது எத்தனையோ உடைமைகளை விட்டுவிட்டு வந்த நாம், இந்த ஒன்றை மாத்திரம் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறோம். ஈஸ்ட்ஹாம், டூட்டிங், வெம்பிளி ஆகிய இடங்களிலுள்ள எமது கடைகளில், அரிசி மூட்டைக்கும் மிளகாய்த்தூளுக்கும் அப்பால் முகப்பூச்சுகளுக்கென ஒரு தட்டு இருக்கும். அவற்றை வாங்குவோரைப் பரிகசிப்பது எனது நோக்கமன்று. ஆனால் 2024 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தஞ்சம் கோரியோருக்குப் பிரித்தானிய அரசு வழங்கிய கிழமைப் படி 49 பவுண் 18 பென்ஸ். அத்தகைய வருவாயிலிருந்து ஒரு சிறு குப்பிக்குக் கொடுக்கும் பணத்துக்கு ஈடாகக் கிடைப்பது யாது என்று கேட்பதில் தவறில்லை.

இந்நாட்டில் ஒரு மருந்து விற்பனைக்கு வருமுன், அது நோயைத் தீர்க்கிறது என்பதை உற்பத்தியாளர் நிரூபித்து அனுமதிப்பத்திரம் பெறவேண்டும். அழகுசாதனப் பொருளுக்கு இந்நிபந்தனை இல்லை. பாதுகாப்பு மதிப்பீடு வேண்டும். கூறப்படும் பலனுக்கு ஆதாரம் கைவசம் இருக்கவேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஆயினும் அந்த ஆதாரத்தை எவரும் முன்கூட்டியே பரிசீலிப்பதில்லை. முன்னர் பெரும்பாலும் யாரேனும் முறையிட்ட பின்னரே விளம்பரத் தர அதிகாரசபை கண் திறந்தது. 2011 இல் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோ சுவின்சன் முறையிட்டதன் பேரில், நடிகை ஜூலியா ரொபேட்ஸின் முகத்தைக் காட்டிய லாங்கோம் விளம்பரத்தை அச்சபை தடைசெய்தது. அந்த வழவழப்பில் களிம்பின் பங்கு எவ்வளவு, புகைப்படத் திருத்தத்தின் பங்கு எவ்வளவு என்பதை நிறுவனத்தால் காட்ட முடியவில்லை.

‘மருத்துவ ரீதியாகப் பரிசோதிக்கப்பட்டது’ என்ற வாசகத்தைப் பலரும் சித்தியடைந்த சான்றிதழாகவே வாசிக்கிறார்கள். பரீட்சைக்குத் தோற்றியவர் எல்லோரும் சித்தியடைவதில்லை என்பது எமது பெற்றோருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

நேர்மையாக நடத்தப்பட்ட பரிசோதனையிலும் சிக்கல் உண்டு. 2007 மார்ச்சில் பி.பி.சி.யின் ஹொறைசன் நிகழ்ச்சியில், மன்செஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிறிஸ் கிரிபித்ஸ், பூட்ஸ் மருந்தகத்தின் ‘நம்பர் செவன்’ வகைக் களிம்பு ஒன்று தோலில் நல்ல மாற்றத்தை உண்டாக்கியதாகத் தெரிவித்தார். அடுத்த சில நாட்களில் நாடு முழுவதும் அக்களிம்பு விற்றுத் தீர்ந்தது. பின்னர் பூட்ஸின் நிதியுதவியுடன் 60 பேரை வைத்து ஓர் ஆய்வு நடைபெற்று, 2009 இல் பிரித்தானியத் தோல் மருத்துவச் சஞ்சிகையில் வெளியாயிற்று. ஒரு பாதியினருக்கு உண்மையான களிம்பு. மறு பாதியினருக்கு அதே தோற்றமுடைய, ஆனால் விசேட பொருட்கள் சேராத அடிப்பூச்சு. ஆறு மாதங்களின் பின் களிம்பு பூசியோரில் 43 வீதத்தினருக்கும், அடிப்பூச்சு பூசியோரில் 22 வீதத்தினருக்கும் முகச் சுருக்கம் குறைந்திருந்தது.

இந்த 22 வீதத்தைச் சற்று நின்று நோக்கவேண்டும். விசேடம் எதுவுமற்ற பூச்சுக்கே ஐவரில் ஒருவருக்கு மேல் பலன் தெரிந்திருக்கிறது. எண்ணிக்கையில் பார்த்தால், ஏறக்குறைய பதின்மூன்று பேருக்கும் ஆறு பேருக்கும் இடையிலான வேறுபாடே முழுக் கதையும். களிம்பு பூசியோர் தமது பழைய முகத்தோடு ஒப்பிடப்பட்டபோது முன்னேற்றம் உறுதியாகத் தெரிந்தது; அதுவே செய்தியாயிற்று. ஆனால் இரு குழுக்களையும் ஒன்றோடொன்று ஒப்பிடுவதே முறை என்றும், அவ்வாறு ஒப்பிட்டால் ஆறு மாத வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கக் கூடியதே என்றும் புள்ளிவிபரவியலாளர் மாட்டின் பிளாண்ட் சுட்டிக்காட்டினார். பல்கலைக்கழகத்தில் கற்பித்த காலத்தில் மாணவரின் ஆய்வேட்டைக் கையில் எடுத்ததும் நான் கேட்ட முதற் கேள்வியும் இதுதான்: எதனோடு ஒப்பிட்டு? நூற்றுக்கு இத்தனை பெண்கள் தமது தோல் மினுங்குவதாக ஒப்புக்கொண்டனர் என்னும் விளம்பரங்களிடம் இக்கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அங்கே ஒப்பிட எதுவுமே இராது.

இனி, எமது வீடுகளுக்கு மிக நெருங்கிய களிம்பு. இந்துஸ்தான் லீவர் நிறுவனம் 1975 இல் ‘பெயர் அன்ட் லவ்லி’யை இந்தியாவில் விற்பனைக்கு விட்டது. அதிலுள்ள நியாசினமைட் என்பது உயிர்ச்சத்து பி3 இன் ஒரு வடிவம். கருநிறமி தோலின் மேற்படைக்குச் செல்வதை அது ஓரளவு தடுக்கிறது என்பதற்கு 2002 இல் வெளியான ஆய்வு உண்டு. ஆகவே முற்றிலும் பொய்யென்று தள்ளிவிட முடியாது. ஆனால் அப்பலன் சிறியது. பூசுவதை நிறுத்தினால் மறைந்துவிடும். கறுத்த பெண் வெளுத்ததும் வேலை கிடைக்கும், தந்தையின் முகம் மலரும் என்பதற்கு எந்த ஆய்வுகூடத்திலும் சான்று இல்லை. அத்தகைய விளம்பரங்கள், அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கத்தின் முறைப்பாட்டைத் தொடர்ந்து 2003 இல் விலக்கிக்கொள்ளப்பட்டன. 2020 இல் களிம்பின் பெயரும் ‘குளோ அன்ட் லவ்லி’ என மாற்றப்பட்டது. பெயர் மாற்றத்தினால் ஆசை மாறியதாக எனக்குத் தோன்றவில்லை.

மெதுவான களிம்பில் மனநிறைவு காணாதோர் ‘உடனே வெளுக்கும்’ களிம்பைத் தேடுகிறார்கள். ஆபத்து இங்கேதான் இருக்கிறது. சில நாட்களிலேயே கண்கூடாக வெளுக்கச் செய்பவை பெரும்பாலும் மூன்று பொருட்கள்: பாதரசம், ஹைட்ரோகுயினோன், கடுமையான ஸ்டீரொயிட். முதலிரண்டும் இந்நாட்டில் முகப்பூச்சுகளில் தடைசெய்யப்பட்டவை. மூன்றாவதை வைத்தியரின் சீட்டின்றி விற்கலாகாது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கர்ப்பிணியின் வயிற்றிலுள்ள சிசுவையும் சென்றடையும். ஹைட்ரோகுயினோனை நெடுங்காலம் பூசியோருக்கு முகம் நீலங்கலந்த கருமையாகத் தடித்துப்போவதுண்டு. வெளுக்கப் போய்க் கறுத்த கொடுமை அது. ஸ்டீரொயிட் தோலை மெலியச் செய்யும். நிறுத்தியதும் முகம் சிவந்து எரியும். அந்த எரிச்சலுக்கு அஞ்சியே மீண்டும் பூசுவார்கள். தென் லண்டனில் சவுத்வாக் நகரசபை இவற்றை விற்ற கடைக்காரர் பலர் மீது வழக்குத் தொடர்ந்துள்ளது. சேர்மானப் பட்டியல் அச்சிடப்படாத குப்பியை, ஊரிலிருந்து உறவினர் கொண்டுவந்தது என்றாலும், முகத்தில் பூசலாகாது.

சான்று வலுவாக உள்ளவற்றுக்கு விளம்பரப் பகட்டு இல்லை. வரண்ட தோலுக்குச் சாதாரண ஈரப்பதக் களிம்பு போதும்; விலை கூடியதால் அது கூடுதலாக வேலை செய்வதில்லை. கரும்புள்ளிகள் மேலும் கறுக்காதிருக்க வெயில் தடுப்புப் பூச்சு உதவும். இதற்கிடையில் ஒரு வேடிக்கை: வெளுக்க விரும்பி வெயிலுக்கு ஒளியும் எம்மவருக்கு, கருந்தோலுடையோர் ஆண்டு முழுவதும் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் உயிர்ச்சத்து டி உட்கொள்வதைப் பரிசீலிக்கவேண்டும் என்று இந்நாட்டுச் சுகாதாரத்துறை அறிவுறுத்துகிறது.

ஏற்கெனவே இத்தகைய களிம்பைப் பூசி வருவோர் வெட்கப்பட்டு மறைக்காது, குப்பியையும் எடுத்துக்கொண்டு குடும்ப வைத்தியரிடம் செல்லவேண்டும். ஸ்டீரொயிட் கலந்ததாயின் எவ்வாறு நிறுத்துவது என்பதை அவரே சொல்லவேண்டும். இங்கிலாந்தில் குடும்ப வைத்தியரிடம் பதிவு செய்வதற்கு வதிவிட உரிமை தேவையில்லை. தஞ்சக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டவரும் கட்டணமின்றிப் பதியலாம்.