ஸ்ரீனிவாஸ் இல்லாத 'சக்தி'யைக் கேட்கலாமா?

லிங்கின் பார்க் சண்டை உங்க ஹாஸ்டல்லயும் நடந்திருக்கும். 2017-ல செஸ்டர் பென்னிங்டன் இறந்துட்டார். 2024 நவம்பர்ல எமிலி ஆர்ம்ஸ்ட்ராங் குரல்ல 'ஃப்ரம் ஸீரோ' வந்தது. "அது லிங்கின் பார்க்கே இல்ல மச்சி"ன்னு பாதி பேர், "முதல்ல கேளுடா"ன்னு மீதி பேர். பாதி மெஸ் நேரம் இதுலயே போச்சு.

இதே சண்டை மயிலாப்பூர் பக்கம் ரொம்ப நாளா நடக்குது. பேண்ட் பேரு மட்டும்தான் வேற: சக்தி. டிரம் செட் கிடையாது, தரையில உட்கார்ந்து வாசிக்கிற பேண்ட். 2023 ஜூன்ல 'திஸ் மொமென்ட்'னு அவங்க ஆல்பம் வந்தது. 1977-ல வந்த 'நேச்சுரல் எலிமென்ட்ஸ்'க்கு அப்புறம் ஸ்டுடியோவுல பதிவு செஞ்ச முதல் சக்தி ஆல்பம் இதுதான். 46 வருஷ இடைவெளி. 2024 பிப்ரவரியில கிராமியும் வாங்கிடுச்சு. ஆனாலும் பழைய ரசிகர்கள்ல பல பேர் அதைத் தொடவே இல்ல. எங்க பெரியப்பா அவங்கள்ல ஒருத்தர். "மாண்டலின் ஸ்ரீனிவாஸ் இல்லாம என்ன சக்தி?"ன்னு ஒரே வரியில முடிச்சுடுவார்.

அவர் கேள்வியை லேசா தள்ளிவிட முடியாது. யு. ஸ்ரீனிவாஸ் 2014 செப்டம்பர் 19 அன்னிக்கு சென்னையில காலமானார். வயசு 45தான். அவர் வாசிச்ச 'ரிமெம்பர் சக்தி' கச்சேரிகளைக் கேட்டவங்களுக்கு அந்த இடம் காலியாத்தான் தெரியும். அதுல வேற யாரையாவது உட்கார வெச்சா கோபம் வர்றது நியாயம்.

ஆனா சக்தியோட கதையைக் கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்க்கணும். 70-கள்ல ஜான் மெக்லாஃப்லின் கிட்டார், எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, நம்ம விக்கு விநாயக்ராம் கடம். முதல் ஆல்பத்துல ராம்நாட் ராகவன் மிருதங்கமும் இருந்தது. அடுத்த ஆல்பத்துலயே அந்த மிருதங்கம் இல்ல. அதாவது ஆள் மாறுறது 2023-ல புதுசா வந்த நோய் இல்ல, இரண்டாவது ஆல்பத்துலயே ஆரம்பிச்சாச்சு.

அப்புறம் பேண்ட் கலைஞ்சு, 90-கள் கடைசியில 'ரிமெம்பர் சக்தி'ன்னு திரும்பி வந்தப்போ எல். சங்கர் இல்ல. வயலின் இருந்த இடத்துக்கு மாண்டலின் வந்தது. கடம் வாசிச்ச அப்பாவோட இடத்துக்கு கஞ்சிரா எடுத்துக்கிட்டு மகன் செல்வகணேஷ் வந்தார். ('வெண்ணிலா கபடி குழு'வுக்கு இசை போட்டாரே, அவரேதான்.) அன்னிக்கு "சங்கர் இல்லாம என்ன சக்தி?"ன்னு கேட்டவங்களும் இருந்திருப்பாங்க. அவங்க சொன்னதை எல்லாரும் கேட்டிருந்தா, எங்க பெரியப்பா இன்னிக்கு ஏங்குற ஸ்ரீனிவாஸை அவர் அந்த மேடையில கேட்டிருக்கவே மாட்டார்.

ஸ்ரீனிவாஸ் கதையே இதுக்கு நல்ல உதாரணம். 80-கள் ஆரம்பத்துல ஒரு சின்னப் பையன் எலெக்ட்ரிக் மாண்டலினைத் தூக்கிக்கிட்டு சபா மேடை ஏறினப்போ, "இதுல கமகம் வருமா?"ன்னுதான் பார்த்தாங்க. உட்கார்ந்து கேட்டவங்களாலதான் 'மாண்டலின்'ங்கிற சொல் அவர் பேருக்கு முன்னாடி பட்டம் மாதிரி ஒட்டிக்கிச்சு. நாம இன்னிக்கு காப்பாத்தணும்னு நினைக்கிற பழசு, ஒரு காலத்துல யாரோ வாய்ப்பு கொடுத்த புதுசு.

இப்போ 'திஸ் மொமென்ட்'டுக்கு வருவோம். மெக்லாஃப்லின், ஜாகிர், செல்வகணேஷ், பாடுறதுக்கு சங்கர் மகாதேவன் (கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிச்சவர், நம்ம சீனியர் மாதிரி), வயலினுக்கு கணேஷ்-குமரேஷ் சகோதரர்கள்ல மூத்தவர் கணேஷ் ராஜகோபாலன். எனக்குப் பிடிச்ச விஷயம், மாண்டலின் இடத்துக்கு இன்னொரு மாண்டலினைத் தேடல. வயலினைத் திரும்பக் கூட்டிட்டு வந்திருக்காங்க. முதல் பாட்டுக்கே 'ஸ்ரீனிஸ் ட்ரீம்'னு ஸ்ரீனிவாஸ் பேரை வெச்சிருக்காங்க. போனவரை மறந்துட்டாங்கன்னு சொல்றவங்க டிராக் லிஸ்ட்டோட முதல் வரியைக்கூடப் படிக்கலன்னு அர்த்தம்.

குறையே இல்லையான்னா, இருக்கு. கொரோனா காலத்துல ஆளுக்கொரு ஊர்ல இருந்து, ஒருத்தருக்கொருத்தர் ஃபைல் அனுப்பி உருவாக்கின ஆல்பம். முதல் ஆல்பம் 1975-ல மேடையில நேரடியா பதிவு செஞ்சது. மொத்தமே மூணு டிராக், அதுல ஒண்ணு கிட்டத்தட்ட 29 நிமிஷம். அதுல ஒருத்தர் ஒரு கணக்கை வீச, இன்னொருத்தர் அதைப் பிடிச்சு திருப்பி அடிக்கிற வேகம் இருக்கும். புதுசுல கணக்கு எல்லாம் கச்சிதமா விழுது, ஆனா விழுந்துடுமோங்கிற பதற்றம் குறைவு. சின்தசைசர் மாதிரி ஒலிக்கிற கிட்டார் சில இடத்துல எனக்கு ஒட்டல. இதெல்லாம் கேட்டுட்டு சொல்ற குறை. கேட்காமலே சொல்ற தீர்ப்பு வேற.

வாய்ப்பு கொடுக்கிறதுன்னா பிடிச்சே ஆகணும்னு இல்ல. கிராமி வாங்கினதாலயும் பிடிக்க வேண்டாம். "அந்தக் காலத்துல கேட்ட மாதிரி இருக்கா?"ன்னு மட்டும் கேட்காம, "இது என்ன செய்யப் பார்க்குது, அதைச் செஞ்சுதா?"ன்னு கேட்கிறதுதான் வாய்ப்பு. அதுக்கப்புறம் பிடிக்கலன்னா தாராளமா சொல்லுங்க, அதுக்கு மதிப்பு உண்டு.

நம்ம ஆளுங்களுக்கு இன்னொரு விஷயம். பெரியவங்க ஞாபகத்தால கதவைச் சாத்துறாங்கன்னா, நாம அவசரத்தால சாத்துறோம். பத்து செகண்ட்ல பீட் வரலன்னா ஸ்கிப். தனி ஆவர்த்தனம் ஆரம்பிச்சதும் கேன்டீனுக்கு எழுந்து போற சபா மாமாக்களுக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. சொல்லப்போனா, சக்தி செஞ்ச பெரிய காரியமே அந்தத் தனியை எடுத்து நடுமேடையில வெச்சதுதான். கச்சேரியில ஓரமா உட்கார்ற கடமும் கஞ்சிராவும் அங்க கிட்டாருக்குச் சமமா பேசும்.

அதனால ஒரு யோசனை. அடையாறுல இருந்து தி.நகர் போற பஸ்ல, அந்த ஹாரன் சத்தத்துல போன் ஸ்பீக்கர்ல கேட்காதீங்க. ராத்திரி ஹெட்போன் போட்டு முதல்ல 1976 ஆல்பத்தோட 'ஜாய்', அடுத்து 'ஸ்ரீனிஸ் ட்ரீம்'. தாளத்தைக் கையில போட்டுப் பாருங்க, எங்க தப்புதுன்னு தேடுறதே ஒரு விளையாட்டு. அடுத்த நாள் வரிசை மாத்திக் கேளுங்க. வீட்ல பெரியவங்க இருந்தா ஒரு பக்க இயர்போனை அவங்க கிட்ட கொடுங்க. வாக்குவாதம் வரும், வரட்டும்.

ஒரு பேண்ட்டோட புது ஆல்பத்தை "அடுத்த தடவை பார்ப்போம்"னு தள்ளிப்போடலாம், அடுத்தது வரும்ங்கிற நம்பிக்கை இருந்தா. 2024 டிசம்பர் 15 அன்னிக்கு ஜாகிர் உசேனும் போயிட்டார், சென்னையில சீசன் நடந்துட்டிருந்த மாசத்துல. இந்த ஆல்பம் வந்தப்போ மெக்லாஃப்லினுக்கே 81 வயசு. ஜாகிரோட இன்னொரு சக்தி ஆல்பம் ஸ்டுடியோவுல இருந்து வரப்போறதில்ல. அம்பது வருஷம் ஒண்ணா வாசிச்ச ரெண்டு பேர் கடைசியா என்ன பேசிக்கிட்டாங்கன்னு தெரிஞ்சுக்க, எட்டுப் பாட்டு கேட்கிற நேரம் போதும்.