அப்பா போட்ட ரூட்

எங்கள் ஆபீஸில் ஒருவர் கம்பெனி செலவில் பெல்ஜியம் போய்விட்டு வந்தார். சாக்லேட் வரும் என்று பியூனிலிருந்து மேனேஜர் வரை காத்திருந்தோம். மனிதர் கொண்டுவந்தது நானூறு போட்டோ. அதில் பாதிக்கு மேல், ரோட்டோரம் நம்பர் எழுதி நட்டு வைத்த கம்பங்கள்.

"என்ன சார் இது, ஈ.பி. கம்பமா?" என்றேன்.

"சைக்கிள் ரூட்டுய்யா!" என்றார். அவருக்கு நான் கேட்டது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

விஷயம் இதுதான். பெல்ஜியத்தில் லிம்பர்க் என்று ஒரு பிரதேசம். நிலக்கரிச் சுரங்கங்களை நம்பி வாழ்ந்த இடம். கடைசிச் சுரங்கத்தை 1992-ல் மூடிவிட்டார்கள். இனி யார் வருவார்கள் இந்தப் பக்கம் என்று ஊரே கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, ஹியூகோ போலன் என்ற சுரங்க என்ஜினீயர் ஒரு யோசனை சொன்னார். கிராமத்துச் சைக்கிள் பாதைகள் ஒன்றையொன்று சந்திக்கிற ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நம்பர். அந்த இடத்தில் நின்றால் அடுத்த நம்பருக்கு எந்தப் பக்கம் என்று அம்புக்குறி. காலையில் ஒரு துண்டுச் சீட்டில் நாலைந்து நம்பர் எழுதிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டால் போதும், மேப் வேண்டாம், வழி கேட்க வேண்டாம். 1995-ல் ஆரம்பித்தது, இன்றைக்கு பெல்ஜியம், ஹாலந்து முழுக்கப் பரவிவிட்டது. கரி எடுத்த ஊரில் இப்போது காபி குடிக்க ஜனங்கள் சைக்கிளில் வருகிறார்கள்.

எனக்கு சாக்லேட் கிடைக்காத கோபம் ஒரு பக்கம். 'நம்ம ஊருக்கு என்ன குறைச்சல்?' என்கிற ரோஷம் ஒரு பக்கம். ஆறு மாசம் முன்னால் தவணையில் வாங்கி, மொட்டை மாடிப் படிக்கட்டின் கீழே துணி உலர்த்தப் பயன்பட்டு வந்த என் கியர் சைக்கிளைத் துடைத்து எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை வேலூரிலிருந்து ஆம்பூர், ஐம்பது கிலோமீட்டர் சுமார். ஹைவேயை முடிந்தவரை தொடாமல் கிராமத்து வழியாகப் போவதாகத் திட்டம்.

நம் ஊரிலும் ரூட்டுக்கு அடையாளம் இல்லாமல் இல்லை, சார். நாம்தான் பார்ப்பதில்லை. அடுத்த முறை பஸ்ஸில் போகும்போது மைல் கல்லின் தலையைக் கவனியுங்கள். மஞ்சள் தலை என்றால் தேசிய நெடுஞ்சாலை. பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. கறுப்பு என்றால் மாவட்டச் சாலை. ஆரஞ்சு என்றால் பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் 2000-க்கு அப்புறம் போட்ட ரோடு. சைக்கிள்காரனுக்குச் சூத்திரம் சுலபம்: மஞ்சளைக் கண்டால் ஒதுங்கு, ஆரஞ்சைக் கண்டால் உள்ளே நுழை. மஞ்சள் கல் ரோட்டில் உங்களை லாரி உரசிக்கொண்டு போகும். ஆரஞ்சு கல் ரோட்டில் அதிகபட்சம் ஓர் எருமை உரசும், அதுவும் மன்னிப்புக் கேட்கிற பாவனையில்.

இதையெல்லாம் சனிக்கிழமை ராத்திரி வீட்டில் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தேன். அப்பா சாய்வு நாற்காலியில் இருந்தார். மாதனூர் பக்கத்தில் ஒரு கிராமம் அவருக்கு. அங்கிருந்து ஆம்பூர் டேனரி ஒன்றுக்கு முப்பத்தெட்டு வருஷம் சைக்கிளில் போய் வந்தவர். சுண்ணாம்புக் குழியில் வேலை. அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ் சைக்கிள், பின்னால் கேரியர், கேரியரில் நாலடுக்கு டிபன். ரிட்டையர் ஆகி இப்போது வேலூரில் என்னோடு.

"இன்னாடா அது, டிரெய்லு?"

"சும்மா சைக்கிள்ல ஊரைச் சுத்திப் பார்க்கிறதுப்பா."

"அதுக்கு இன்னாத்துக்கு லீவு நாளு? நாங்க டூட்டி நாள்லயே சுத்தினோமே" என்று சிரித்தார். பிறகு தினசரி காலண்டரிலிருந்து பழைய தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவால் கோடு போட ஆரம்பித்தார். மாதனூரிலிருந்து ஆம்பூர் வரை அவருடைய ரூட். ஏரிக்கரை, மூணு புளியமரம், இடது பக்கம் திரும்பு, ஒரு வட்டம், ஆத்தங்கரை, இன்னொரு வட்டம், இங்க இறங்கித் தள்ளு, பச்சகுப்பம் பக்கம் ரயில் சத்தம் கேக்கும், இன்னொரு வட்டம். மொத்தம் மூணு வட்டம். அதில் இரண்டின் மேல் அவரே பெருக்கல் குறி போட்டார்.

கோடு நேராக இல்லை. இப்படிப் போய் அப்படி வந்து, குடித்துவிட்டுப் போட்ட கோலம் மாதிரி இருந்தது. எழுபது வயசாகிறது, கை நடுங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். மடித்துப் பாக்கெட்டில் வைத்தேன்.

விடியற்காலை ஐந்தரைக்குக் கோட்டை அகழியோரம் ஆரம்பித்தேன். (வேலூர்க்காரர்களுக்கு ஒரு யோசனை: போவதானால் டிசம்பர், ஜனவரியில் போங்கள். மே மாசத்தில் போனால் உங்களைத் தேடி வேறு சைக்கிள் அனுப்ப வேண்டியிருக்கும்.) தலையில் ஹெல்மெட், இடுப்புக்குக் கீழே பஞ்சு வைத்த கால்சட்டை. முதல் கிராமத்திலேயே ஒரு பொடியன், "அண்ணா, சர்க்கஸ் எந்த ஊர்ல?" என்று கேட்டான். இன்னும் கொஞ்ச தூரத்தில், கேரியரில் ஆளுயரப் புல்லுக்கட்டு வைத்துக்கொண்டு அறுபது வயசுப் பெரியவர் ஒருவர், பீடியை வாயிலிருந்து எடுக்காமலே என்னை ஓவர்டேக் செய்தார். என் வண்டியில் இருபத்தொரு கியர். அவர் வண்டியில் பெல்லே கிடையாது.

விரிஞ்சிபுரம் வரும்போது வெயில் ஏறியிருந்தது. அங்கே கோயிலில் இருக்கிற சிவனுக்குப் பெயரே மார்க்கபந்தீஸ்வரர், தமிழில் வழித்துணை நாதர். மிளகு மூட்டையோடு காஞ்சிபுரம் போன வியாபாரிக்கு வழித்துணையாகக் கூடவே போனார் என்று தல புராணம். பெல்ஜியத்துக்காரன் கம்பம் நட்டான், நம் ஆட்கள் கடவுளையே நட்டுவிட்டார்கள். பிராகாரத்தில் மணி காட்டும் கல் ஒன்று இருக்கிறது. குச்சி வைத்து நிழல் பார்த்தால் மணி தெரியும். பார்த்தேன். லேட் என்று தெரிந்தது.

பள்ளிகொண்டாவில் டீ. அங்கே ரங்கநாதர் பள்ளிகொண்டிருப்பதைப் பார்த்ததும் எனக்கும் அப்படியே படுத்துவிடத் தோன்றியது. செல்போனில் மேப்பைப் போட்டு, 'குறுக்கு வழி' என்று அது சொன்ன பாதையில் நுழைந்தேன். ரெண்டு கிலோமீட்டர் போனதும் ஒரு காம்பவுண்டு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் நாய். மேப், 'நேராகச் செல்லவும்' என்றது. செல்போனை அணைத்துவிட்டு அப்பாவின் காலண்டர் தாளை எடுத்தேன்.

மாதனூரில் பாலாற்றைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். 348 கிலோமீட்டர் ஓடுகிற ஆறு என்று புஸ்தகத்தில் இருக்கிறது: கர்நாடகாவில் 93, ஆந்திராவில் 33, மிச்சம் 222 நம்முடையது. 'ஓடுகிற' என்பதில்தான் சிக்கல். வருஷத்தில் பெரும்பாலும் மணலும் சீமைக் கருவேலமும்தான். 2021 நவம்பரில் மட்டும் ஆறு தன் பழைய அளவை ஒரு தடவை காட்டிவிட்டுப் போனது. தரைப்பாலங்களை அடித்துக்கொண்டு போயிற்று, ஜனங்கள் குடும்பத்தோடு வந்து ஆற்றை வேடிக்கை பார்த்தார்கள். சொந்த ஊரில் சொந்த ஆற்றை விருந்தாளி மாதிரி பார்க்கிற அதிர்ஷ்டம் எங்களுக்குத்தான்.

ஏரிக்கரை வந்தது. மூணு புளியமரத்தில் ஒன்றுதான் பாக்கி. திரும்பினேன். முதல் வட்டம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கிணறு. மேலே கருவேலம் மூடி, உள்ளே பிளாஸ்டிக் பையும் பச்சைத் தண்ணீரும். பெருக்கல் குறி. மறுபடி ரூட்டுக்கு வந்து, காரணமே இல்லாமல் அரை மைல் வளைந்து போனால் இரண்டாவது வட்டம். அதுவும் கிணறு. மோட்டார் ரூம் சுவர் மட்டும் நின்றது. சுற்றியிருந்த நிலத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை, உப்பு.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அப்பாவின் கை நடுங்கவில்லை. ரூட்டே அப்படித்தான். ஆம்பூருக்கு நேராகப் போகிற வழியை விட்டு அவர் வளைந்ததெல்லாம் நல்ல தண்ணீருக்காக. டேனரியில் குடிக்கிற தண்ணீர் வாய்க்கு விளங்காது என்று காலையில் போகும்போதே பாட்டிலில் மொண்டுகொண்டு போவாராம், அம்மா எப்போதோ சொல்லியிருக்கிறாள். ஒரு கிணறு கெட்டால் அடுத்தது. அது கெட்டால் அதற்கு அடுத்தது. அதற்கேற்ப ரூட்டும் நகர்ந்திருக்கிறது.

தோல் என்றால் குரோமியம் என்று பேப்பரில் போடுவார்கள். அது நியாயம்தான். ஆனால் கிணற்றைக் கொன்றதில் பெரிய பங்கு சாதாரண உப்புக்கு. பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்புப் போட்டுத்தான் அனுப்புவார்கள். டேனரியில் முதல் வேலை அதை ஊறவைத்து அலசுவது. அந்த உப்புத் தண்ணீர் வருஷக்கணக்கில் மண்ணுக்குள் போயிற்று. அப்பா சேர்ந்த காலத்தில் ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்டார்கள், மெதுவாக நடக்கும். எழுபதுகளில் அரைகுறையாய்ப் பதனிட்ட தோலை வெளிநாட்டுக்கு அனுப்பக் கட்டுப்பாடு வந்தது. முழுசாக முடித்து, ஷூவாகவே செய்து அனுப்பு என்றார்கள். குரோம் வந்தது, டிரம் சுற்ற ஆரம்பித்தது, சம்பளமும் வந்தது. அந்தச் சம்பளத்தில் படித்தவன்தான் நான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆம்பூர் வாசனைக்கு மூக்கைப் பொத்துகிறவர் காலில் ஆம்பூர் ஷூ இருக்கலாம், கழற்றிப் பார்க்கவும்.

வேலூர்க்காரர்கள் சுப்ரீம் கோர்ட் வரை போனார்கள். 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு: கெடுத்தவன்தான் சரிசெய்யச் செலவழிக்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி. சட்டக் கல்லூரியில் இன்றைக்கும் எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் பாடம் நடக்கிறது. பொது சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, முன்னைக்கு இப்போது எவ்வளவோ பரவாயில்லை. ஆனாலும் 2025 ஜனவரி 30-ல் அதே கோர்ட், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீட்டை அரசாங்கமே முதலில் கொடுத்துவிட்டு, கெடுத்தவர்களிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. நடுவில் இருபத்தெட்டு வருஷம். ஒரு கிணற்றுக்கு அது பெரிய காலமில்லை. கிணற்றுக்காரருக்குப் பெரிசு.

மூணாவது வட்டத்தில் பெருக்கல் குறி இல்லை. பச்சகுப்பம் பக்கம் ரயில் சத்தம் கேட்டது. கொஞ்சம் தேடியதில் ஒரு கிணறு கிடைத்தது. கயிறு, பக்கெட் எல்லாம் உண்டு. ஓர் அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இந்தத் தண்ணி குடிக்கலாமா?"

என் கால்சட்டையை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். "குடிக்கறதுக்குக் கொழாயில காவேரித் தண்ணி வருதுப்பா. இது பொழங்கறதுக்கு. வெள்ளம் வந்த வருசம் கொஞ்ச நாளு நல்லா இருந்திச்சு."

பாலாற்றங்கரையில், மேட்டூரிலிருந்து குழாயில் வந்த காவிரியை ஒரு சொம்பு குடித்தேன். அப்புறம் கேட்டு வாங்கி, கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டேன். ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். குடிக்கவே முடியாது என்று சொல்ல முடியாது. நன்றாயிருக்கிறது என்றும் சொல்ல முடியாது.

ஆம்பூரைப் பற்றி நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. 1749-ல் இங்கே நடந்த சண்டையில்தான் ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கான் செத்தார். எனக்கு அன்றைக்கு அதைவிட அவசரமான வேலை இருந்தது. சீரகச் சம்பா பிரியாணி, தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய். ரெண்டு பிளேட். திரும்பி வந்தது குட்டி யானை வண்டியில், வாழைத்தார்களுக்கு நடுவில், சைக்கிளைக் கட்டிப்பிடித்தபடி. இதை ஆபீஸில் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "மூணாவது கெணறு எப்டிடா இருக்குது?"

ஒன்றும் பேசாமல் பாட்டிலை நீட்டினேன். மூடியைத் திறந்தார். ஒரு வாய் உறிஞ்சினார். வாயிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு விழுங்கினார்.

"நீ வேற எங்கியோ பூட்ட. இது மூணாவது கெணறு இல்ல."

"நீங்க போட்ட ரூட்டுலதாம்ப்பா போனேன். பச்சகுப்பம், ரயில் சத்தம், எல்லாம் சரியா இருந்திச்சு."

"இல்லடா. தண்ணி அப்டி இனிக்கும். ஆத்தங்கரை தாண்டினதும் பனைமரம் ஒண்ணு வரும், அதாண்ட வலது பக்கம் திரும்பணும். நீ நேரா பூட்டிருக்க."

காலண்டர் தாளில் பனைமரம் இல்லை. அதைச் சொன்னால், அவசரத்தில் விட்டுப்போச்சு என்றார். பாட்டிலை மூடி ஜன்னல் ஓரமாக வைத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தானே வந்து காட்டுவதாகவும், நான் மிதிக்க வேண்டும், தான் பின்னால் உட்கார்ந்து வழி சொல்வதாகவும் சொன்னார்.

கியர் சைக்கிளில் கேரியர் கிடையாது. மறுநாள் லஞ்ச் நேரத்தில் கடைக்குப் போய் விலை கேட்டேன். ஆள் உட்காருகிற மாதிரி ஸ்ட்ராங்காக வேண்டும் என்றால் லேத்தில் கொடுத்துச் செய்ய வேண்டும், வியாழக்கிழமை ஆகும் என்றார்கள். முன்பணம் கொடுத்திருக்கிறேன்.