அழுத்தம் மட்டும்தானா காரணம்?

மாணவ நண்பர்களே, பனிக்கட்டியின் மேல் சறுக்கி விளையாட முடிவது ஏன் என்று கேட்டால் உங்களில் பலர் தயங்காமல் விடை சொல்வீர்கள். சறுக்கு காலணியின் அடியில் கத்தி போன்ற எஃகுத் தகடு இருக்கிறது. உடலின் எடை முழுவதும் அந்த மெல்லிய தகட்டின் மேல் இறங்குகிறது. அழுத்தம் கூடினால் பனிக்கட்டியின் உருகுநிலை குறையும். எனவே தகட்டின் அடியில் பனிக்கட்டி உருகுகிறது. அந்த நீரின் மேல் சறுக்குகிறோம்.

1886-இல் அயர்லாந்து அறிஞர் ஜான் ஜோலி கூறிய விளக்கம் இது. பாட நூல்களில் பல தலைமுறைகளாக இருந்து வருகிறது. கேட்க அழகாகவும் இருக்கிறது. ஆயினும் இதையே முழு விடையாகக் கற்பிப்பதை நாம் நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து. இதற்குச் சாட்சி தேடி ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டியதில்லை. குளிர் நாட்டுச் சிறுவர்களின் விளையாட்டைக் கவனித்தாலே போதும்.

கனடாவின் தலைநகரான ஆட்டவாவில் ரீடோ கால்வாய் குளிர்காலத்தில் உறையும்போது, 7.8 கிலோமீட்டர் நீளத்துக்குச் சறுக்குத் தளமாகிவிடும். (2022-23 குளிர்காலத்தில் பனிக்கட்டி போதுமான அளவு உறையாததால் அது திறக்கப்படவே இல்லை. அது வேறொரு கவலை.) அந்த நாட்டுச் சிறுவர்களுக்குப் பனி ஹாக்கி என்றால் உயிர். அதில் பந்துக்குப் பதிலாக 'பக்' என்னும் ரப்பர் வட்டை அடிக்கிறார்கள். வட்டின் எடை ஏறக்குறைய 170 கிராம், குறுக்களவு 7.6 சென்டிமீட்டர். அது பனிக்கட்டியின் மேல் செலுத்தும் அழுத்தத்தை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். வளிமண்டல அழுத்தத்தில் 250-இல் ஒரு பங்குகூட வராது. இவ்வளவு சிறிய அழுத்தம் எதை உருக்கும்? ஆனாலும் வட்டு வழுக்கிக்கொண்டு பறக்கிறது!

சறுக்கு காலணி இல்லாத சிறுவர்கள் என்ன செய்கிறார்கள்? சாதாரணக் காலணியுடன் ஓடி வந்து, கால்களைப் பரப்பி நின்று அப்படியே சறுக்குகிறார்கள். காலணியின் அடிப்பகுதி எவ்வளவு அகலம்! அதன் அடியில் உருகுநிலை ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு குறைந்தால் அதிகம்.

சரி, எஃகுத் தகட்டையே எடுத்துக்கொள்வோம். 40 கிலோ எடையுள்ள ஒரு சிறுமி ஒற்றைக் காலில் சறுக்குகிறாள். தகட்டின் அகலம் 3 மில்லிமீட்டர். அதில் 10 சென்டிமீட்டர் நீளம் பனிக்கட்டியைத் தொடுகிறது என்று கொள்வோம். அழுத்தம் சுமார் 13 வளிமண்டலம் ஆகும். ஒரு வளிமண்டல அழுத்தத்துக்கு உருகுநிலை 0.0074 டிகிரிதான் குறையும். ஆக, மொத்தம் 0.1 டிகிரி! தொடும் பரப்பு இதில் பத்தில் ஒரு பங்குதான் என்று வைத்துக்கொண்டாலும் 1 டிகிரிக்கு மேல் போகாது. ஆனால் சிறுவர்கள் சுழியத்துக்குக் கீழே 10 டிகிரியிலும் உற்சாகமாகச் சறுக்குகிறார்கள். அந்தக் குளிரில் பனிக்கட்டியை அழுத்தத்தால் மட்டும் உருக்க ஆயிரம் வளிமண்டலத்துக்கும் மேல் தேவை. யானை வந்து காலணி மாட்டிக்கொண்டாலும் நடவாத காரியம்.

பின் எதுதான் காரணம்? உள்ளங்கைகளைத் தேய்த்தால் சூடு பிறக்கிறது அல்லவா? அதுபோலத் தகடு உராயும்போது பிறக்கும் வெப்பம் பனிக்கட்டியின் மேற்பரப்பை உருக்குகிறது. பௌடன், ஹியூஸ் என்ற இரு அறிஞர்கள் சுவிட்சர்லாந்தின் யுங்ஃபிராவ் மலைப் பகுதியில் சோதனைகள் நடத்தி, 1939-இல் இதை வலியுறுத்தினார்கள்.

இதுவும் முழு விடை அன்று. நெதர்லாந்தில் சறுக்கக் கற்கும் குழந்தைக்குப் பிடித்துக்கொள்ள ஒரு நாற்காலியைக் கொடுப்பார்கள். ஏன் தெரியுமா? நகரத் தொடங்கும் முன்பே, நின்ற இடத்திலேயே கால் வழுக்கிவிடும்! உராய்வு வெப்பம் பிறக்க இயக்கம் வேண்டும். நிற்பவனை வழுக்கிவிடுவது எது?

இதற்கான குறிப்பை 1850-லேயே தந்தவர் மைக்கேல் ஃபாரடே. உறைநிலைக்குக் கீழே இருக்கும்போதும் பனிக்கட்டியின் மேற்பரப்பில் நீர் போன்ற மெல்லிய படலம் இருக்கிறது என்றார் அவர். உள்ளே இருக்கும் மூலக்கூறு எல்லாப் பக்கமும் மற்றவற்றோடு பிணைந்திருக்கிறது. மேற்பரப்பில் உள்ளதற்கு மேலே பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அதனால் தளர்ந்து ஆடுகிறது. ஜோலிக்கு 36 ஆண்டு முன்பே சொல்லப்பட்ட இந்தக் கருத்தை வெகுகாலம் பலர் பொருட்படுத்தவில்லை. பின்னாளில் நுண்கருவிகள் அந்தப் படலத்தைக் கண்டு உறுதி செய்தன. படலத்துக்கும் உராய்வு வெப்பத்துக்கும் எவ்வளவு பங்கு என்பதில் அறிஞர்களிடையே இன்னும் விவாதம் நடக்கிறது.

தேர்வில் இந்த வினா வந்தால் என்ன எழுதுவது என்று கேட்பீர்கள், நியாயமான கவலைதான்! அழுத்தம் பற்றிய பாடத்தை எழுதுங்கள். அதன் கீழே இரண்டே வரியில் அந்த 0.1 டிகிரிக் கணக்கையும் போடுங்கள். அதற்கு முன் ஒரு நாள் உங்கள் ஆசிரியரின் அனுமதியோடு, 170 கிராம் வட்டின் கணக்கைக் கரும்பலகையில் போட்டு வகுப்பையே விவாதிக்க விடுங்கள்.