தக்காளி ஏறினால் கூச்சல்... இறங்கினால் மவுனமா?

தக்காளி விலை ஏறினால் ஊரே பேசுகிறது. பஸ்சில் அதே பேச்சு. ஆபீசில் அதே பேச்சு. ஓட்டலில் தக்காளி சட்னி 'கட்'!

விலை விழுந்தால்? "அப்பாடா!" என்று ஒரு பெருமூச்சு. அத்தோடு சரி.

அந்தப் பெருமூச்சுக்குப் பணம் கட்டுகிறவர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் விவசாயி.

2023 ஜூலையில் நடந்தது பலருக்கும் ஞாபகம் இருக்கும். சென்னையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. அரசு சும்மா இருக்கவில்லை. ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. பாராட்ட வேண்டிய காரியம்தான்.

ஆனால் பாலக்கோட்டிலும் ஒட்டன்சத்திரத்திலும் விலை தரைக்கு வருகிற நாட்களும் உண்டு. அப்போது பழத்தைப் பறிக்காமல் செடியிலேயே விட்டுவிடுகிறார்கள். பறித்தவர்கள் ரோட்டோரம் கொட்டுகிறார்கள். அந்த நாட்களில் இந்தச் சுறுசுறுப்பு எங்கே போகிறது?

கணக்கு இதுதான்!

கிலோ 5 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 15 கிலோ பெட்டிக்கு 75 ரூபாய். மண்டி கமிஷன் நூற்றுக்குப் பத்து என்றால் ஏழரை ரூபாய் போச்சு. பிறகு பறிகூலி, வண்டி வாடகை, இறக்குகூலி. விதை, உரம், மருந்து செலவு இன்னும் கணக்கிலேயே வரவில்லை! வீடு திரும்ப பஸ் சார்ஜ் மிஞ்சினால் அதிர்ஷ்டம்.

2024-ல் வெளியான ரிசர்வ் வங்கி ஆய்வுக் கட்டுரை ஒன்று இதையே வேறு விதமாகச் சொன்னது. தக்காளிக்கு நாம் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயிக்குப் போவது சுமார் 33 காசு. வெங்காயத்தில் 36 காசு. உருளைக்கிழங்கில் 37 காசு.

மீதி முழுவதும் கொள்ளை என்று சொல்லிவிடலாமா? கூடாது. லாரிக்கு டீசல் வேண்டும். கடைக்கு வாடகை வேண்டும். அழுகியதைக் குப்பையில் கொட்டுகிற சில்லறை வியாபாரிக்கும் நஷ்டம் உண்டு. ஆனால் வியாபாரி, வாங்கின விலைக்கு மேல் வைத்து விற்க முடியும். விவசாயிக்கு அந்த வசதி இல்லை. அவர் சரக்குக்கு விலை சொல்கிறவர் வேறொருவர்!

அதுவும் மண்டியில் முன்பணம் வாங்கியிருந்தால் பேச்சே இல்லை. "அங்கேதான் போட்டாகணுங்க" என்பதுதான் பதில்.

தமிழ்நாட்டில் நூற்றுக்கு 90-க்கு மேற்பட்ட சாகுபடிதாரர்கள் 5 ஏக்கருக்கு உட்பட்டவர்கள் என்கிறது 2015-16 வேளாண்மைக் கணக்கெடுப்பு. அரை ஏக்கர் தக்காளியை வைத்துக்கொண்டு அவர் யாரிடம் பேரம் பேசுவது?

வழி இல்லாமல் இல்லை

1999 நவம்பர் 14-ந் தேதி, முதல்-அமைச்சராக இருந்த கருணாநிதி மதுரையில் உழவர் சந்தையைத் தொடங்கினார். தராசு இலவசம். கமிஷன் கிடையாது. நல்ல திட்டம். ஆனால் பாலக்கோட்டு விவசாயி வயலை விட்டுவிட்டு தினமும் சென்னைக்கு வந்து கூறு கட்டி விற்க முடியுமா? ஆகவே பத்துப் பேர் சரக்கைச் சேர்த்து, ஒரே வண்டியில் அனுப்ப ஏற்பாடு வேண்டும். உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகள் பெயர்ப்பலகையோடு நிற்காமல் இந்த வேலையைச் செய்ய வேண்டும்.

பக்கத்து மாநிலமான கேரளம் இன்னொரு வழி காட்டியது. 2020 நவம்பர் 1 முதல் 16 வகை விளைபொருட்களுக்கு அடிப்படை விலை வைத்தது. உற்பத்திச் செலவுக்கு மேல் 20 சதவீதம். அப்போது தக்காளிக்கு கிலோ 8 ரூபாய். பெரிய தொகை அல்ல. ஆனால் ரோட்டில் கொட்டுவதைவிட எவ்வளவோ மேல்!

மண்டியில் எடை, விலை, பிடித்தம் மூன்றையும் எழுதிய சீட்டு ஒவ்வொரு விவசாயிக்கும் கையில் கிடைக்க வேண்டும். விளைச்சல் குவிகிற இடத்திலேயே தக்காளியைக் கூழாக்கும் ஆலை வேண்டும். முன்பணத்துக்கு மண்டியை நாடாமல் இருக்க, கூட்டுறவு கடன் நாற்று நடுவதற்கு முன்பே கைக்கு வர வேண்டும்.

விலை ஏறினால் வாங்குகிறவரைக் காப்பாற்ற ரேஷன் கடை திறக்கிறது. விலை இறங்கினால் விளைவிக்கிறவரைக் காப்பாற்ற அதே கடைக்கு ஏன் கொள்முதல் செய்யக்கூடாது?

இந்த வருஷம் நஷ்டப்பட்டவர் அடுத்த வருஷம் தக்காளி நட மாட்டார். அப்புறம் விலை ஏறும். பஸ்சில் மறுபடியும் பேச்சு கிளம்பும். விலை விழும்போதே விழித்துக்கொண்டால், அந்தப் பேச்சுக்கு வேலை இருக்காது!