அளந்து முடியும் வரை களவெட்டியில் நிற்போம்

வேளாண்மை வெட்டிச் சூடு வைத்ததோடு எந்த விவசாயியும் வீட்டுக்குப் போய்விடுவதில்லை. சூடடித்து, தூற்றி, மரைக்காலால் அளந்து, மூடை கட்டும் வரை களவெட்டியிலேயே கிடப்பான். அளப்பவர் மேல் சந்தேகம் என்பது இதற்கு அர்த்தமல்ல. தன் உழைப்பின் கணக்கைத் தன் கண்ணால் பார்ப்பது அவனது உரிமை. ஆனால் தேர்தல் என்று வந்தால் மட்டும் நாம் வேறு விதமாக நடந்துகொள்கிறோம். விரலில் மை பட்டதும் கடமை முடிந்தது என்று திரும்பிவிடுகிறோம். பெட்டி எங்கே போனது, யார் திறந்தார்கள், எப்படி எண்ணினார்கள் என்பதை வானொலி சொல்லும் முடிவோடு விட்டுவிடுகிறோம்.

இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களுக்கு இது சிறிய விடயமல்ல. 1990இலும், பின்னர் 2006, 2007ஆம் ஆண்டுகளிலும் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் கையில் அகப்பட்டதோடு ஓடியவர்கள் நாம். காணிப் பத்திரம் தொலைந்தவர்களுக்கு வாக்காளர் இடாப்பில் உள்ள பெயரும் ஊரோடு மிஞ்சியிருக்கும் ஒரு தொடர்பு. அந்தப் பெயரால் இடும் வாக்கு எண்ணப்படுகிறதா என்று கேட்க எமக்குக் காரணம் உண்டு.

அந்தக் காரணத்தை எமது வாவிக்கரையே எமக்குக் கற்பித்திருக்கிறது. 2001 டிசம்பர் 5ஆந் திகதி பாராளுமன்றத் தேர்தல். அரச கட்டுப்பாட்டில் இல்லாத பகுதி மக்களுக்கென இப்பால் கொத்தணி வாக்குச்சாவடிகள் ஒழுங்கு செய்யப்பட்டிருந்தன. ஆனால் வாக்களிப்பு நாளன்று மட்டக்களப்பிலும் வன்னியிலும் பாதுகாப்புக் காரணம் கூறி இராணுவம் சோதனைச்சாவடிகளை மூடிவிட்டது. வாக்காளர் அப்பால் நின்றனர், வாக்குப்பெட்டி இப்பால் இருந்தது. தடுக்கப்பட்டவர்கள் சிலர் உயர் நீதிமன்றம் சென்றனர். அவர்களது அடிப்படை உரிமை மீறப்பட்டது என்றே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதி கிடைத்தது உண்மை. ஆனால் இடப்படாத வாக்கை எந்த நீதிமன்றமும் மீள எண்ண முடியாது.

இடப்பட்ட வாக்கின் கதை வேறு. தமிழ்நாட்டின் திருநெல்வேலி மாவட்டத்தில் இராதாபுரம் என்றொரு தொகுதி. 2016ஆம் ஆண்டுச் சட்டசபைத் தேர்தலில் அ.தி.மு.க.வின் இன்பதுரை வெறும் 49 வாக்குகளால் வென்றதாக அறிவிக்கப்பட்டது. தோற்ற தி.மு.க. வேட்பாளர் அப்பாவு வழக்குத் தொடர்ந்தார். 203 தபால் வாக்குகள், சான்றொப்பமிட்ட தலைமை ஆசிரியர்களுக்கு அந்த அதிகாரம் இல்லை எனக் கூறித் தள்ளப்பட்டிருந்தன. ஒரு கையெழுத்தைப் பற்றிய தகராறு, வெற்றி வித்தியாசத்தைப் போல நான்கு மடங்கு வாக்குகளை வெளியே தள்ளிவிட்டது. 2019 ஒக்டோபரில் சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் தபால் வாக்குகளையும் கடைசி மூன்று சுற்று வாக்குகளையும் மீள எண்ணும்படி உத்தரவிட்டது. நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். ஆனால் இந்திய உச்ச நீதிமன்றம் முடிவை வெளியிடத் தடை விதித்தது. அந்தச் சட்டசபையின் காலம் 2021இல் முடிந்தபோதும் மக்களுக்கு முடிவு தெரியாது.

இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. மூன்று வருடம் கழித்தும் மீள எண்ண முடிந்ததற்குக் காரணம், வாக்குகள் முத்திரையோடு பாதுகாக்கப்பட்டிருந்தமை. ஆனாலும் மக்களுக்குப் பயன் கிடைக்காமல் போனதற்குக் காரணம் தாமதம். ஆகவே தவறைப் பிடிக்க வேண்டிய இடம் எண்ணும் மேசைதான். நீதிமன்றம் கடைசி வழி.

மூன்றாவது பாடம் யாழ்ப்பாணத்தில் கிடைத்தது. 2020 ஓகஸ்ட் மாதத் தேர்தலில் யாழ். மத்திய கல்லூரியில் விருப்பு வாக்கு முடிவுகள் நள்ளிரவு தாண்டியும் வெளிவரவில்லை. வாசலில் ஆதரவாளர்கள் கூடினார்கள். விசேட அதிரடிப்படையினர் பலத்தைப் பயன்படுத்தி அவர்களைக் கலைத்தனர். எண்ணிக்கையில் குளறுபடி என்ற பேச்சு ஊரெங்கும் பரவியது. அது மெய்யா பொய்யா என்று தீர்ப்புச் சொல்வது எமது வேலையல்ல. நாம் சொல்வது இதுதான்: உள்ளே நடப்பது வெளியே தெரியாதபோது வதந்தி முடிவை முந்திக்கொள்கிறது. வாசலில் துப்பாக்கி நிற்பதால் மட்டும் எண்ணிக்கை பாதுகாப்பானதாகிவிடாது. மேசையருகே எல்லாத் தரப்பு முகவர்களும் விழித்திருப்பதும், தாமதம் ஏன் என்பதை அதிகாரிகள் உடனுக்குடன் சொல்வதுமே பாதுகாப்பு.

அப்படியானால் நாம் செய்யக் கூடியது என்ன?

முதலாவது, எமது முகாம்களிலும் மீள்குடியேறிய கிராமங்களிலும் உள்ள படித்த பிள்ளைகள் முகவர்களாகப் போக வேண்டும். எந்தக் கட்சி என்பது அவரவர் விருப்பம். பெண்பிள்ளைகளும் போக வேண்டும்.

இரண்டாவது, முகவராகப் போகிறவர் ஒரு கொப்பியும் பேனையும் கொண்டு போகட்டும். சாவடிக்கு வந்த வாக்குச்சீட்டு எத்தனை, கொடுக்கப்பட்டது எத்தனை, பழுதானது எத்தனை, மிஞ்சியது எத்தனை என்று குறிக்க வேண்டும். பெட்டியில் உள்ள முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எண்ணும் நிலையத்தில் பெட்டி திறக்கும்போது இந்தக் கணக்கும் அந்தக் கணக்கும் பொருந்த வேண்டும்.

மூன்றாவது, சந்தேகம் இருந்தால் முடிவு அறிவிக்கப்படுமுன் அங்கேயே மீள எண்ணக் கேட்க வேண்டும். சட்டம் அதற்கு இடம் தருகிறது. பாராளுமன்றத் தேர்தல் முடிவு வர்த்தமானியில் வந்த பின் தேர்தல் மனுவுக்கு 21 நாட்களே உண்டு. குறிப்பு இல்லாத முறைப்பாடு அங்கு நிற்காது.

நான்காவது, சரியாகப் புள்ளடியிடப் பழக வேண்டும். 2024 செப்டம்பர் 21ஆந் திகதி நடந்த ஜனாதிபதித் தேர்தலில் எவரும் பாதிக்கு மேல் வாக்குப் பெறாததால், இலங்கை வரலாற்றில் முதன்முறையாக இரண்டாவது விருப்பத் தெரிவுகள் எண்ணப்பட்டன. அதே தேர்தலில் நிராகரிக்கப்பட்டவை 3 இலட்சத்துக்கும் அதிகம். பிழையாக இட்ட வாக்கு பதரோடு போய்விடும். மாதர் சங்கக் கூட்டத்தில் ஒரு மாதிரிச் சீட்டை வைத்து ஒரு மணித்தியாலம் பழகினாலே இதிற் பெரும்பகுதி குறையும்.

அதிகாரிகளிடம் நாம் கேட்பதும் அதிகமில்லை. இடம்பெயர்ந்தோர் வாக்களிக்கும் சாவடிகளுக்குப் போக்குவரத்தும் திறந்த பாதையும் வேண்டும். நேர்மையான உத்தியோகத்தருக்குப் பார்க்கும் கண்கள் பாரமாகாது. பின்னால் வரும் பழிச்சொல்லிலிருந்து அவரைக் காப்பதும் அந்தக் கண்களே.

நிலத்தை இழந்தோம், மாட்டை இழந்தோம், விதைநெல்லையும் இழந்தோம். மிஞ்சியிருக்கும் இந்த ஒரு பிடியையாவது அளந்து முடியும் வரை களவெட்டியில் நின்று பார்ப்போம்.